தீவாந்தரத்துலேர்ந்து திரும்பி வர ஒரு மனு

நான் அச்சரப்பாக்கத்துக்காரன். மெட்ராஸுக்கு ரயில்ல எத்தனையோ தடவை செங்கல்பட்டைத் தாண்டியிருக்கேன். பக்கத்துல இருக்கிற பொன்விளைந்தகளத்தூர்ல 1852-ல ஒரு ஆள் பிறந்தார், அவர் பெயர்ல சேலம் ஒட்டிக்கிச்சுன்னு ரொம்ப நாள் எனக்குத் தெரியாது. சேலம் விஜயராகவாச்சாரியார்.

1882-ல சேலத்துல பெரிய கலவரம். அப்போ இவர் வக்கீலாகி ஒரு வருஷம், முனிசிபல் கவுன்சிலர் வேற. கலவரத்தைத் தூண்டினார்னு வழக்கு போட்டு, பத்து வருஷ தண்டனை கொடுத்தாங்க. அப்பீல் போய் முழுசா விடுதலை ஆனார். ஆனா அதே வழக்குல தண்டனை வாங்கின மத்தவங்க அந்தமான்ல. அந்தக் காலத்துப் பேச்சுல, தீவாந்தரம்.

விஜயராகவாச்சாரியார் அதோட வீட்டுக்குப் போயிடல. அவங்களை விடச் சொல்லி வைஸ்ராய் ரிப்பன்கிட்ட முறையிட்டார். (சென்ட்ரல் பக்கத்துல ரிப்பன் பில்டிங் இருக்கே, அதே ரிப்பன்.) முறையீடு பலிச்சது, அவங்க விடுதலை ஆனாங்க.

நிறைய இடத்துல 'செல்லுலார் ஜெயில்லேர்ந்து மீட்டார்'னு எழுதியிருக்காங்க. அது தப்பு. செல்லுலார் ஜெயிலைக் கட்டவே 1896-லதான் ஆரம்பிச்சாங்க. 1858-லேர்ந்து அங்க இருந்தது கைதிகள் குடியேற்றம்.

சரி, கோர்ட் கொடுத்த தண்டனைல வைஸ்ராய் எப்படிக் கை வைக்கலாம்? 1882 குற்றவியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 401. கவர்னர் ஜெனரலோ மாகாண அரசோ எப்ப வேணும்னாலும் தண்டனையை நிறுத்தலாம், குறைக்கலாம். நிபந்தனை போட்டும் செய்யலாம், போடாமலும் செய்யலாம். மனு வந்தா, தீர்ப்பு சொன்ன நீதிபதிகிட்டயே 'விடலாமா, கூடாதா, ஏன்?'னு அபிப்பிராயம் கேட்கலாம். யோசிச்சுப் பாருங்க, உங்களை உள்ள தள்ளினவர்கிட்டயே கேட்பாங்க! இந்தப் பிரிவு சாகவும் இல்ல. 1973 சட்டத்துல 432 ஆச்சு, இப்போ பி.என்.எஸ்.எஸ்.ல 473.

அப்பீலும் கருணையும் ஒண்ணு இல்ல. அப்பீல்ல ஜெயிச்சா தீர்ப்பே அழிஞ்சிடும். கருணைல லாக்ல எரர் அப்படியே இருக்கும், ஓடுற ப்ராசஸை மட்டும் கில் பண்ணுவாங்க. எங்க ஆபீஸ் பாஷைல சொல்றேன், மன்னிச்சுக்கங்க.

இந்த வித்தியாசம் அவங்க வாழ்க்கைலயே தெரியுது. கவுன்சிலர் பதவியைப் பறிச்சதுக்கு விஜயராகவாச்சாரியார் இந்தியா மந்திரி மேலயே கேஸ் போட்டார். பதவி திரும்ப வந்தது, 100 ரூபாய் நஷ்டஈடும் கிடைச்சது. 1920-ல நாக்பூர் காங்கிரஸுக்குத் தலைவராவும் ஆனார். அந்தமான்லேர்ந்து வந்தவங்க நஷ்டஈடு கேட்டு எந்தப் படியும் ஏற முடியாது. ஊருக்கு வந்தாச்சு, ஆனா காகிதத்துல அவங்க இன்னும் குற்றவாளிங்கதான்.