ஸ்டென்ட் வச்ச பிறகும் இதயம் திடீர்னு நிற்குமா? நரம்பைப் படம் பிடிக்கும் ஸ்கேன் என்ன சொல்லும்?

"அட்டாக் வந்துச்சு, ஸ்டென்ட் வச்சாச்சு, இப்ப நல்லா இருக்காரு." கம்பம், சின்னமனூர், போடி பக்கம் பல வீடுகளில் கேட்கிற பேச்சு இது. ஆனா அடுத்த கேள்விதான் வீட்டில் இருப்பவர்களைத் தூங்க விடாது. திராட்சைத் தோட்டத்துக்கோ ஏலக்காய் எஸ்டேட்டுக்கோ அவரை மறுபடி தனியா அனுப்பலாமா? போன இடத்தில் பொத்துன்னு விழுந்துட்டா?

இது வீண் பயம் இல்லை. மாரடைப்பால் பலவீனமான இதயத்தில் கீழறைகள் தாறுமாறாகத் துடிக்கும் அபாயம் உண்டு. அப்போது ரத்தம் வெளியே போகாது, சில நொடிகளில் நினைவு தப்பும். சிபிஆரும் ஷாக்கும் கிடைக்காவிட்டால், ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறையும். கம்பத்திலிருந்து க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு சுமார் 50 கிலோமீட்டர். குமுளிக்கு மேலே எஸ்டேட்டில் விழுந்தால் கணக்கே வேறு. யாருக்கு ஆபத்து என்று முன்கூட்டியே தெரிவது இங்கே அவ்வளவு முக்கியம்.

இப்போ எப்படிக் கணிக்கிறாங்க?

எக்கோ ரிப்போர்ட்டில் 'ஈஎஃப்' என்று ஒரு எண் இருக்கும். இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் எத்தனை சதவீத ரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்பதே அது. மருந்து சாப்பிட்ட பிறகும் அது 35 அல்லது அதற்குக் கீழே இருந்தால், 'ஐசிடி' என்ற கருவியைத் தோலுக்கு அடியில் பொருத்தலாம் என டாக்டர்கள் பரிந்துரைப்பார்கள். துடிப்பு கெட்டால் அதுவே ஷாக் கொடுக்கும். ஆனால் செலவு லட்சக்கணக்கில். பொருத்திக்கொண்ட பலருக்கு அந்த ஷாக் தேவைப்படுவதே இல்லை. இன்னொரு பக்கம், ஈஎஃப் 35-க்கு மேல் இருப்பவர்களும் திடீரென இறக்கிறார்கள்.

நரம்புக்கும் துடிப்புக்கும் என்ன சம்பந்தம்?

பயந்தால், ஓடினால் நெஞ்சு படபடன்னு அடிக்குதே, அதைச் செய்வது இதயத்துக்குள் ஓடும் சிம்பதடிக் நரம்புகள். நார்அட்ரினலின் என்ற ரசாயனத்தை அவை சுரக்கின்றன. ரத்த ஓட்டம் தடைபடும்போது தசையைவிட இந்த நரம்புகள் சீக்கிரம் செத்துப் போகும். அதனால் மாரடைப்புக்குப் பிறகு, தசை உயிரோடு இருந்தும் நரம்பு இல்லாத திட்டுகள் மிஞ்சுகின்றன. அந்தத் திட்டு ஒரு மாதிரியும் பக்கத்துத் தசை வேறு மாதிரியும் துடிப்புக்குத் தயாராகும்போது மின்னோட்டம் சுழலில் மாட்டிக்கொள்கிறது. துடிப்பு கெடுவது அங்கிருந்துதான். சுகர் நீண்ட நாள் கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும் இதய நரம்புகள் பாதிக்கப்படும்.

இந்த நரம்புகளைக் காட்டுவதுதான் எம்ஐபிஜி ஸ்கேன். நார்அட்ரினலின் போலவே இருக்கும் ஒரு பொருளில் கதிரியக்க அயோடின்-123 சேர்த்து ஊசி போடுவார்கள். உயிருள்ள நரம்பு நுனிகள் அதை உறிஞ்சிக்கொள்ளும். 15 நிமிடத்தில் ஒன்று, சுமார் 4 மணி நேரம் கழித்து ஒன்று என காமா கேமராவில் படம் எடுப்பார்கள். இதயத்தில் எவ்வளவு, நெஞ்சின் நடுப்பகுதியில் எவ்வளவு என்று ஒப்பிட்டு ஒரு விகிதம் கிடைக்கும். சில மன அழுத்த மாத்திரைகளும் சளி மாத்திரைகளும் இந்த எண்ணைக் கெடுக்கும். என்னென்ன சாப்பிடுறோம்னு முன்னாடியே சொல்லிடணும்.

2010-ல் வெளியான அட்மையர்-ஹெச்எஃப் ஆய்வில், இதயம் பலவீனமான 961 பேருக்கு இந்த ஸ்கேன் எடுக்கப்பட்டது. விகிதம் 1.6 அல்லது அதற்கு மேல் இருந்தவர்களில் 2 ஆண்டுக்குள் இதயம் மேலும் மோசமாவது, ஆபத்தான துடிப்புக் கோளாறு, இதய மரணம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றைச் சந்தித்தவர்கள் 15 சதவீதம். அதற்குக் கீழே இருந்தவர்களில் 37 சதவீதம். 2013-ல் அமெரிக்காவின் எஃப்டிஏ, இதய பலவீனம் உள்ளவர்களுக்கு இந்த ஸ்கேனை அனுமதித்தது.

அப்போ பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. அந்த அனுமதியே ஒரு பக்கத்துக்குத்தான். விகிதம் நன்றாக இருந்தால் 'உங்களுக்கு ஆபத்து குறைவு' என்று சொல்லலாம். குறைவாக இருப்பதை வைத்து இவர் இறந்துவிடுவார் என்றோ, இவருக்கு ஐசிடி வேண்டும் என்றோ முடிவு செய்ய அது போதாது. இதை வைத்து ஐசிடி யாருக்கு வேண்டாம் என்று முடிவெடுக்க முடியுமா எனப் பார்க்கத் தொடங்கிய இன்னொரு பெரிய ஆய்வு பாதியிலேயே நிறுத்தப்பட்டது.

தேனியில் எடுக்க முடியுமா?

அயோடின்-123 சைக்ளோட்ரானில் தயாராவது. 13 மணி நேரத்தில் பாதி வீரியம் போய்விடும். அதனால் தூர ஊர்களுக்குக் கொண்டுபோவதே பெரும்பாடு. நம் நாட்டில் எம்ஐபிஜி ஸ்கேன் அதிகம் தேவைப்படுவது சிலவகைக் கட்டிகளுக்குத்தான். மாரடைப்பு வந்தவர்களுக்கு வழக்கமாக எடுக்கும் டெஸ்ட் இது இல்லை.

அதனால் கம்பம் பள்ளத்தாக்கில் இருப்பவர்கள் இப்போதைக்குக் கேட்க வேண்டியது ஈஎஃப் எண்ணைத்தான். ஸ்டென்ட் வைத்தால் உடனே ஒரு எக்கோ, 3 மாதம் மருந்து சாப்பிட்ட பிறகு இன்னொன்று. இடையில் காரணமில்லாமல் கண் இருட்டி விழுந்தாலோ, உட்கார்ந்திருக்கும்போதே படபடப்பு வந்து தலை சுற்றினாலோ 'கேஸா இருக்கும்'னு விட்டுடாதீங்க, அன்னைக்கே இசிஜி எடுங்க. நினைவில்லாமல், மூச்சும் சரியாக இல்லாமல் கிடந்தால் 108-ஐ அழைத்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும் வரை நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை வேகமாக அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.