துளையைக் காட்டிக்கொடுக்கும் குமிழிகள்

2005 பிப்ரவரியில் அமெரிக்கக் கால்பந்து வீரர் டெடி புருஸ்கிக்குப் பக்கவாதம் வந்தது. வயது 31. இதய மேலறைகளுக்கு நடுவே சிறு துளை இருந்தது. அதை அடைத்தபின், அக்டோபரிலேயே மைதானத்துக்குத் திரும்பினார்.

கருவில் எல்லோருக்கும் இருக்கும் வழிதான் அது. சுமார் நான்கில் ஒருவருக்குப் பிறந்தபின்னும் முழுதாக மூடுவதில்லை. பெரும்பாலோருக்கு அதனால் தொந்தரவும் இல்லை.

சாதாரண எக்கோவில் (இதய அல்ட்ராசவுண்டில்) இந்தத் துளை தப்பிவிடலாம். அப்போது கைகொடுப்பது எளிய தந்திரம் ஒன்று. சலைனில் சிறிது காற்றைச் சேர்த்து, இரண்டு சிரிஞ்சுகளுக்கிடையே மாற்றி மாற்றித் தள்ளிக் கலக்கி, கை நரம்பில் ஏற்றுகிறார்கள். திரையில் வலது மேலறை வெள்ளையாகப் பொங்குகிறது. நுண்குமிழிகளை நுரையீரல் வடிகட்டிவிடும் என்பதால், வழக்கமாக அவை இதயத்தின் இடப்பக்கம் வருவதில்லை. துளை இருந்தால் அது திறந்துகொள்ளட்டும் என்று, நோயாளியை மூச்சடக்கி முக்கச் சொல்கிறார்கள். மூச்சை விட்டதும் மூன்று துடிப்புக்குள் இடது மேலறையில் குமிழிகள் தெரிந்தால், அவை துளை வழியே வந்தவை என்றே பெரும்பாலும் கொள்கிறார்கள். தாமதமாக வந்தால், சந்தேகம் நுரையீரல் ரத்தக்குழாய்கள் பக்கம் திரும்பும்.