மஞ்சள் தொப்பி எங்கே போச்சு?

கண்ணுகளா, உங்கள் ஊரில் கிணற்றோரமோ வயல் வரப்பிலோ பனைமரம் நிற்கிறதா? அதன் ஓலைகளில் தூக்கணாங்குருவிக் கூடுகள் தொங்குகின்றனவா? அப்படியென்றால் நீங்கள் கொடுத்து வைத்தவர்கள். அம்மாவிடமோ அப்பாவிடமோ கைப்பேசியைக் கேட்டு வாங்குங்கள். ஒரு வேலை இருக்கிறது.

மாதம் ஒருமுறை, ஒரே இடத்தில் நின்று, அந்த மரத்தைப் படம் எடுக்க வேண்டும். அவ்வளவுதான். படம் அழகாக வராவிட்டாலும் பரவாயில்லை. தேதியை மட்டும் மறக்காமல் குறித்து வையுங்கள். தேதி இல்லாத படம் எனக்குப் பிடிக்காது!

மழைக்காலம் நெருங்கும்போது ஆண்குருவியைப் பாருங்கள். உச்சந்தலை பளிச்சென்று மஞ்சளாகிவிடும். முகம் கறுத்துவிடும். பெண்குருவி எப்போதும்போலத் தவிட்டு நிறத்தில்தான் இருக்கும். குஞ்சு பொரிக்கும் காலம் முடிந்ததும் ஆணும் தவிட்டு நிறத்துக்கு மாறிவிடும். "மஞ்சள் குருவி எங்கோ போய்விட்டது, வேறு குருவி வந்திருக்கிறது" என்று பலர் நினைப்பார்கள். இல்லை, அதே குருவிதான். பழைய இறகு உதிர்ந்து புது இறகு முளைத்திருக்கிறது. புரிகிறதா?

"இறகு உதிர்ந்தால் எப்படிப் பறக்கும்?" என்று யாரோ கேட்பது காதில் விழுகிறது. சபாஷ், கெட்டிக்காரக் கேள்வி! எல்லா இறகும் ஒரேயடியாக உதிர்வதில்லை. கொஞ்சம் உதிரும், அங்கே புதிது வளரும், பிறகு அடுத்தது உதிரும். அதனால் பறப்பது நிற்காது.

இப்போது கூட்டுக்கு வருவோம். கட்டுவது ஆண்குருவி. நெல், கரும்பு, பனை இவற்றின் ஓலையை அலகால் நீளநீளமாகக் கிழித்துக்கொண்டு வரும். ஒரு கூட்டுக்கு 500 தடவை வரைகூடப் பறந்து போய் வருமாம். கூடு பாதி முடிந்ததும், அப்பாவின் ஹெல்மெட்டை மரத்தில் மாட்டிவிட்டது போலத் தொங்கும். உள்சுவரில் ஈரக் களிமண்ணை அங்கங்கே ஒட்டி வைக்கும். அந்த மண்ணில் மின்மினிப் பூச்சியைப் பதித்து விளக்கேற்றும் என்று பாட்டி சொல்லியிருப்பார். களிமண் நிஜம். விளக்கு, பாட்டியின் கதை!

பாதிக் கூட்டில் தொங்கியபடி ஆண்குருவி சிறகடித்துக் கத்தும். பெண்குருவி வந்து சோதித்துப் பார்க்கும். பிடித்தால்தான் மீதிக் கூட்டை ஆண் கட்டி முடிக்கும். அப்புறம்? பக்கத்திலேயே அடுத்த கூட்டை ஆரம்பித்துவிடும், இன்னொரு பெண்குருவிக்காக. பறவை அறிஞர் சாலிம் அலி, மும்பைக்கு அருகே கிஹிம் என்ற கடலோரக் கிராமத்தில் பொறுமையாக உட்கார்ந்து பார்த்து, 1930 வாக்கில் இதை உலகுக்குச் சொன்னார்.

நீங்களும் ஒன்றைக் கண்டுபிடிக்கலாம். பல ஊர்களில் கூடுகள் மரத்தின் கிழக்குப் பக்கமே அதிகம் தொங்குகின்றன. தென்மேற்குப் பருவக்காற்றுக்கு மறைவாக என்று காரணம் சொல்கிறார்கள். ஆனால் நம் ஊர்கள் பலவற்றில் பெருமழை வடகிழக்கிலிருந்து அல்லவா வருகிறது? உங்கள் மரத்தில் எந்தப் பக்கம்? படத்தில் எண்ணிப் பாருங்கள்.

படம் எடுக்கும்போது காலை வெயில் உங்கள் முதுகில் விழட்டும். ஃபிளாஷ் வேண்டாம். கூட்டைத் தொடவோ, ஓலையை இழுத்துப் பார்க்கவோ கூடாது. கிணற்று மேட்டில் ஏறி நின்று எடுப்பதும் கூடவே கூடாது.

பனைமரம் இல்லாத ஊரா? வாட வேண்டாம். செம்பருத்திச் செடிக்கு ஊதாத் தேன்சிட்டு வரும். கூடு கட்டும் காலத்தில் ஆண் கருநீலமாக மின்னும். மற்ற மாதங்களில் மஞ்சள் வயிறும், தொண்டையிலிருந்து இறங்கும் ஒரு கறுப்புக் கோடுமாக இருக்கும். இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்தால் உங்கள் நண்பன் நம்பவே மாட்டான்.

ஜனவரியில் பொங்கல் விடுமுறையின்போது தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. ஓரிடத்தில் 15 நிமிடமாவது நின்று, கண்ணில் படும் பறவைகளை எல்லாம் எண்ணி எழுத வேண்டும். அப்போது வயலில் தவிட்டு நிறக் குருவிக் கூட்டம் இறங்கினால், சிட்டுக்குருவி என்று அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள். முதலில் அலகைப் பாருங்கள். தூக்கணாங்குருவிக்கு அது நல்ல தடிமனாக இருக்கும்.