டைலுக்கு அடியில் ஒரு மின்பாய்

டைல் தரை சூட்டை எளிதில் கடத்தும். குளிர் நாட்டில் காலையில் வெறுங்காலை வைத்தவுடன் அது சில்லென்று இருப்பதற்குக் காரணம் இதுதான். அடியிலிருந்து சூடேற்ற அதைவிடப் பொருத்தமான தரை இல்லாததற்கும் இதே காரணம்தான். பிரிட்டனில் குளியலறையைப் புதுப்பிக்கும் பலர் டைலுக்கு அடியில் மின்கம்பி பதிக்கிறார்கள். வெந்நீர்க் குழாய் பதிப்பதென்றால் பெரும்பாலும் தரையைப் பெயர்க்கவோ உயர்த்தவோ வேண்டியிருக்கும். மின்கம்பிக்குச் சில மில்லிமீட்டர் இடம் போதும்.

கடைகளில் இது இரண்டு வடிவங்களில் கிடைக்கிறது. ஒன்று, வலைத்துணியில் கம்பியைச் சீரான இடைவெளியில் ஒட்டிச் சுருட்டி விற்கும் பாய். அகலம் பொதுவாக அரை மீட்டர். மற்றொன்று தனிக் கம்பி. கோணல்மாணலான அறைக்கு இதுவே வசதி. தூண், மூலை எல்லாவற்றையும் சுற்றி இழுத்துக்கொள்ளலாம். ஆனால் இடைவெளியைக் கணக்கிட்டுப் பதிப்பதில் நேரம் போகும். அலுமினியத் தாள் ஒட்டிய பாய்களும் உண்டு. அவை லாமினேட், மரத்தளம் ஆகியவற்றுக்கானவை, டைலுக்கு ஆகாது.

அறையின் முழுப் பரப்புக்கும் பாய் வாங்குவது வீண். குளியல் தொட்டி, அலமாரி போன்ற நிலையான பொருள்களின் அடியில் கம்பி போகக் கூடாது. சூடு வெளியேற வழியின்றி அங்கேயே தேங்கும். இரண்டுக்கு இரண்டரை மீட்டர் குளியலறை 5 சதுர மீட்டர். தொட்டியும் கழிப்பறைப் பீங்கானும் கைகழுவும் தொட்டியும் போக மூன்று சதுர மீட்டர் மிஞ்சினால் நல்லது. வலைத்துணியை வெட்டிப் பாயைத் திருப்பலாம். கம்பியை வெட்டவே கூடாது. எனவே அளவில் ஐயம் வந்தால் சிறிய பாயை வாங்குவதே சரி.

சதுர மீட்டருக்கு 150 வாட், 200 வாட் என்று பாய்களில் ரகங்கள் உண்டு. 200 வாட் பாய் அறையை இன்னும் சூடாக வைத்திருக்கும் என்று நினைப்பவர்கள் பலர். அது சீக்கிரம் சூடேறும், அவ்வளவுதான். காலுக்கு இதமாக இருக்க வேண்டிய தரைக்கு ஐரோப்பியத் தரவிதி உச்சவரம்பு வைத்திருக்கிறது: வசிக்கும் அறையில் 29 டிகிரி, குளியலறையில் 33 டிகிரி செல்சியஸ். அறைக் காற்றைவிடத் தரை ஒன்பது டிகிரி கூடுதலாக இருந்தால் சதுர மீட்டருக்குச் சுமார் 100 வாட் வெப்பம்தான் மேலே வரும். மூன்று சதுர மீட்டர் தரையிலிருந்து ஏறக்குறைய 300 வாட். வெளிச்சுவரும் பெரிய சன்னலும் உள்ள பழைய வீட்டுக் குளியலறைக்கு இது போதாது. ரேடியேட்டரைக் கழற்றி எறிவதற்கு முன் வெப்ப இழப்பைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். பிரிட்டனில் மின்சார யூனிட் கேஸைவிடப் பல மடங்கு விலை என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அதே மூன்று சதுர மீட்டருக்கான 450 வாட் பாய் காலையிலும் மாலையிலும் தலா ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்டுக்கும் குறைவு. நாள் முழுக்க ஓடினால் கதை வேறு.

கூடுதல் வாட்டுக்குக் கொடுக்கும் பணத்தை வெப்பத்தடுப்புப் பலகைக்குக் கொடுப்பது புத்திசாலித்தனம். வெறும் கான்கிரீட்டின் மேல் பாயை விரித்தால் சூட்டின் பெரும்பங்கு கீழேயே இறங்கும். டைல் சூடேற மணிக்கணக்கில் ஆகும். சிமெண்ட் பூசிய 6 அல்லது 10 மில்லிமீட்டர் நுரைப்பலகையை முதலில் ஒட்டிவிட்டால் அரை மணி நேர அளவில் கால் சூட்டை உணரும். செலவைக் குறைக்க முதலில் விட்டுவிடப்படுவதும் இந்தப் பலகைதான்.

பதிக்கும்போது கம்பி கம்பியைத் தொடவோ குறுக்கே கடக்கவோ கூடாது. தெர்மோஸ்டாட்டின் சென்சாரை இரண்டு கம்பிகளுக்கு நடுவே, சிறு குழாய்க்குள் நுழைத்து வைக்க வேண்டும். பழுதானால் டைலை உடைக்காமல் உருவி மாற்றலாம். சூடேறும் கம்பியும் இணைப்பு வயரும் சேரும் மூட்டு, சுவருக்குள் போகாமல் தரைப் பசைக்குள்ளேயே இருக்க வேண்டும்.

ஓம் அளவு பார்ப்பதுதான் உயிரான வேலை. 230 வோல்ட்டில் 450 வாட் பாய் என்றால் மல்டிமீட்டர் சுமார் 118 ஓம் காட்ட வேண்டும். பெட்டியைப் பிரித்ததும் ஒருமுறை, விரித்து ஒட்டியதும் ஒருமுறை, டைல் பதித்தபின் ஒருமுறை அளந்து எழுத வேண்டும். கரண்டியின் விளிம்பு பட்டுக் கம்பி அறுந்தால் மீட்டர் முடிவிலி காட்டும். பசை ஈரமாக இருக்கும்போதே தெரிந்தால் ஒரு டைலோடு போகும். அறுபடாமல் உறை மட்டும் கிழிந்திருப்பதை மல்டிமீட்டர் காட்டாமல் விடலாம். அதற்குக் காப்புத்தடைச் சோதனை தேவை, அது எலக்ட்ரீஷியன் வேலை. மின் இணைப்பும் அவருடையதே. மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.டி. கட்டாயம். தெர்மோஸ்டாட்டைக் குளியலறைக்கு வெளியே உள்ள சுவரில் பொருத்துவது வழக்கம்.

சூட்டில் விரிந்து சுருங்குவதைத் தாங்கும் நெகிழ்வுப் பசையும் கிரவுட்டும் வேண்டும். அவை காய்வதற்கு முன் கம்பியைச் சூடாக்கினால் பசை வலுவிழக்கும். பசை உறையில் எழுதியிருக்கும் நாள்கணக்கு வரை, பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம், சுவிட்சைத் தொடாமலிருந்து, பிறகு தினமும் சில டிகிரியாக ஏற்றுவது முறை.

டைல் மூடுமுன் கம்பி ஓடும் வழியைப் படம் எடுத்து, மூன்று ஓம் அளவுகளையும் எழுதிய தாளோடு வைத்திருங்கள். உத்தரவாதம் கேட்டால் நிறுவனம் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான். நாளை கதவுத் தடுப்புக்குத் தரையில் துளை போட வருபவருக்கு அந்தப் படம் வேண்டும்.