வீட்டுக்கும் வேண்டும் கலப்பத்து

வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற அன்னபூரணி அம்மாள் என்னும் பாய்க்கப்பல் 1938ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. மரக்கலமொன்று ஆழ்கடலைக் கடப்பது பாயின் வலிமையால் மாத்திரமன்று. பலகை இடுக்குகளில் நார் திணித்துக் குங்கிலியப் பூச்சால் அடைக்கும் கலப்பத்து வேலையாலுமாகும்.

நமது வீட்டுக்கும் அவ்வேலை வேண்டும். ஐப்பசி மழை தொடங்குமுன், சுவர் உலர்ந்திருக்கும்போதே யன்னல் நிலைகளை நோக்குவோமாக. சீமெந்து பூசிய இடம் மறுவருடமே வெடிப்பது ஏன்? மரம் ஈரத்திற் பருத்து வெயிலிற் சுருங்கும். சீமெந்து அதற்கு இசைந்து கொடாது. ஆகவே, மரமும் சுவரும் கூடுமிடத்திற்குச் சிலிக்கோன் போன்ற நெகிழும் பசையே தகும். சுவரின் வெடிப்பையோ சுரண்டித் தூசு நீக்கி, நனைத்தபின் சாந்திட்டு அடைத்தல் வேண்டும்.

புறக்கணிக்கத் தகாதது வாயிற்கதவின் அடியிடுக்கு. எட்டடி விரியன் இரவில் உட்புகுந்து, தரையில் உறங்குவோரைத் தீண்டுவதுண்டு. கடிவாயில் நோவோ வீக்கமோ பெரிதாகத் தோன்றாமையால், சிகிச்சை தாமதித்து உயிர் நீத்தோர் பலர். கதவடியில் அறையும் றப்பர்ப் பட்டியொன்று அவ்வழியை அடைத்துவிடும்.

ஆயினும், எல்லாத் துவாரங்களையும் அடைத்தல் அறிவன்று. அடுக்களைப் புகை வெளியேறவும் காற்று உலாவவும் அமைத்தவற்றுக்குக் கம்பிவலையே போதும்.

இன்றிரவே உள்ளே விளக்கேற்றிக் கதவு யன்னல்களைச் சாத்திவிட்டு, பிள்ளைகளுடன் வெளியே இருளில் நின்று பார்ப்போம். ஒளி கசியும் இடங்களை அவர்களே குறித்துக்கொள்ளட்டும். அவ்விடங்களிலேதான் மழையும் நுழையும்.