‘சீசன் முடியட்டும்’ என்று தள்ளிப்போடப்படும் புகார்கள்

தமிழ்நாட்டில் மகளிர் கூடைப்பந்து சீசன் மாவட்ட லீக் ஆட்டங்களில் தொடங்கி, மாநிலப் போட்டி, தேர்வு முகாம், தேசியப் போட்டி என்று பல மாதங்கள் நீள்கிறது. அந்த மாதங்களில் பள்ளி, கல்லூரி வயதுப் பெண்கள் வெளியூர் விடுதிகளில் தங்குகிறார்கள், இரவு ரயிலில் போகிறார்கள். அணியில் யார் இருப்பது, யார் விடுபடுவது என்பதை இரண்டு மூன்று பேர் முடிவு செய்கிறார்கள். தப்பான எண்ணம் உள்ள ஒருவருக்கு இவையெல்லாம் வசதி. காலை நீவிவிடுகிறேன் என்று தொடுவது, நள்ளிரவில் வாட்ஸ்அப்பில் அழைப்பது, ஆட்டத்தின் வீடியோவைப் பார்க்கலாம் என்று தனியாக அறைக்கு வரச் சொல்வது என்று பல வடிவங்களில் தொல்லை வருகிறது.

அதற்குப் பிறகு வீட்டில் நடப்பதும் ஏறக்குறைய ஒன்றேதான். ‘சீசன் முடியட்டும், இப்போது பேசினால் பெயரை எடுத்துவிடுவார்கள்’ என்கிறார்கள். துணிந்த பெற்றோர் கூடைப்பந்துச் சங்கத்துப் பெரியவர் ஒருவரிடம் வாய்மொழியாகச் சொல்கிறார்கள். அவர் ‘நான் பார்த்துக்கிறேன்மா’ என்கிறார். கையில் ஒரு துண்டுத் தாள்கூட இல்லாமல் நாள் ஓடுகிறது. சீசன் முடியும்போது சட்டம் கொடுத்த கெடுவும் முடிந்துவிடுகிறது.

கெடு மூன்று மாதம். பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, சம்பவம் நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்துப் புகார் கொடுக்க வேண்டும். தொல்லை தொடர்ந்து நடந்திருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து கணக்கு. தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் குழு அதை எழுத்தில் பதிவு செய்து, மேலும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். அந்த நீட்டிப்பு குழுவின் கையில் இருக்கிறது. அதை நம்பிக் காத்திருப்பது ஆபத்து.

‘விளையாட்டு வேலை அல்லவே, இந்தச் சட்டம் எப்படிப் பொருந்தும்?’ என்று கேட்கும் நிர்வாகிகள் சட்டத்தைப் புரட்டிப் பார்க்காதவர்கள். பணியிடம் என்பதற்கு அது தரும் விளக்கத்திலேயே விளையாட்டு நிறுவனம், ஸ்டேடியம், போட்டி நடக்கும் இடம், தங்கும் வசதி உள்ளதும் இல்லாததுமான பயிற்சி இடம் எல்லாம் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. பாதிக்கப்பட்ட பெண் எந்த வயதினராகவும் இருக்கலாம், அங்கே வேலை பார்ப்பவராக இருக்கவும் தேவையில்லை. பத்து பேருக்குக் குறையாமல் பணிபுரியும் ஒவ்வொரு நிறுவனமும் உள்ளகப் புகார்க் குழு அமைத்தாக வேண்டும். அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். இருந்தும், 30 தேசிய விளையாட்டுச் சம்மேளனங்களில் 16-இல் அப்படி ஒரு குழுவே இல்லை என்ற நாளிதழ்ச் செய்தியை 2023 மே மாதத் தீர்ப்பு ஒன்றில் உச்ச நீதிமன்றமே எடுத்துக்காட்ட வேண்டியிருந்தது. சட்டம் வந்து பத்து ஆண்டுக்குப் பிறகு இதுதான் நிலை. தேசியச் சம்மேளனங்களே இப்படியென்றால், ஒரு மேசையும் ஒரு ரசீதுப் புத்தகமும் வைத்து நடக்கும் சங்கத்தில் குழுவைத் தேடி நாளை வீணாக்க வேண்டியதில்லை.

புகார் எங்கே கொடுப்பது என்பதில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். கல்லூரி அணிக்கு ஆடும் மாணவி தன் கல்லூரியின் உள்ளகக் குழுவிடம் கொடுக்கலாம். 2015-ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக மானியக் குழு விதிகளின்படி கல்லூரிகளில் அந்தக் குழு இருந்தாக வேண்டும். ரயில்வே, வங்கி போன்ற நிறுவன அணிகளில் ஆடுபவருக்கு அந்த நிறுவனத்தின் குழு. பத்து பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் கிளப், அகாடமி, சங்கம் என்றால், அல்லது புகாரே அதை நடத்துபவர் மேல் என்றால், மாவட்டந்தோறும் இருக்க வேண்டிய உள்ளூர்ப் புகார்க் குழு. அதை அடையும் வழி, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாவட்ட சமூக நல அலுவலரைப் பார்ப்பது. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் இந்த மனுவைக் கொடுக்க வேண்டாம். அங்கே அது பல கை மாறும், பெண்ணின் பெயர் ஊருக்குத் தெரியும். பெயரையும் விசாரணை விவரத்தையும் வெளியிடக் கூடாது என்று சட்டம் சொல்கிறது, ஆனால் கூட்டத்தில் நீட்டப்படும் தாளை யார் மறைக்க முடியும்?

புகார் மனு ஆறு பிரதிகள். தேதி, இடம், நடந்தது, யார் முன்னிலையில் நடந்தது என்பதை எளிய தமிழில் எழுதினால் போதும், வக்கீல் நடை வேண்டாம். சாட்சிகளின் பெயர், முகவரி, ஆதாரங்களின் நகல் இணைக்க வேண்டும். பெண்ணால் எழுத முடியாவிட்டால் எழுத உதவுவது குழுவின் கடமை. கொடுத்ததற்குத் தேதியும் முத்திரையும் உள்ள ஒப்புகை வாங்காமல் அலுவலகத்தைவிட்டு வெளியே வரக் கூடாது. ‘போங்கம்மா, கூப்பிடுவோம்’ என்பது ஒப்புகை ஆகாது. வாட்ஸ்அப் செய்திகளைக் கோபத்தில் அழித்துவிடும் பெண்கள் பலர். அழிக்கக் கூடாது. தேதி தெரியும்படி படம் எடுத்துவைத்து, அந்தக் கைபேசியையும் மாற்றாமல் வைத்திருக்க வேண்டும்.

மனுவுடன் இடைக்கால நிவாரணத்தையும் எழுத்தில் கேட்க வேண்டும். இதை அநேகமாக யாரும் கேட்பதில்லை. எதிர்மனுதாரர் அந்தப் பெண்ணின் செயல்பாட்டைப் பற்றி அறிக்கை எழுதக் கூடாது, வேறொருவர் எழுத வேண்டும் என்று பரிந்துரைக்கக் குழுவுக்கு விதிகள் இடம் தருகின்றன. விளையாட்டில் இதன் பொருள், தொல்லை கொடுத்ததாகச் சொல்லப்படும் பயிற்சியாளர் விசாரணை முடியும்வரை அவளைத் தேர்வு செய்யும் இடத்தில் உட்காரக் கூடாது என்று கேட்கலாம் என்பதே. விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். பெண் தானாகக் கேட்டால் ஒழிய சமரசம் கிடையாது, அதிலும் பணம் வாங்கிக்கொண்டு முடிப்பதற்குச் சட்டம் இடம் தரவில்லை. நிரூபிக்க முடியவில்லை என்ற ஒரே காரணத்துக்காகப் பொய்ப் புகார் என்று நடவடிக்கை எடுக்கவும் முடியாது. இந்தப் பயத்தைக் காட்டித்தான் பல மனுக்கள் திரும்பப் பெறவைக்கப்படுகின்றன.

வீராங்கனைக்கு 18 வயது ஆகவில்லை என்றால் பாதை வேறு. அது போக்சோ சட்டத்தின் கீழ் வரும் குற்றம், நேரே காவல் துறைக்குப் போக வேண்டும். பள்ளியோ சங்கமோ முதலில் ‘உள்விசாரணை’ நடத்துகிறோம் என்றால் ஒப்புக்கொள்ளக் கூடாது. தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பதே தண்டனைக்குரியது. நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் தனக்குக் கீழே வேலை செய்பவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை சிறை. ‘பள்ளியின் பெயர் கெடும்’ என்று பேசும் தலைமை ஆசிரியர்களும் உடற்கல்வி ஆசிரியர்களும் இதைப் படித்து வைத்துக்கொள்வது நல்லது. 1098 என்ற எண்ணில் சொல்லலாம், அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போகலாம். சிறுமியின் வாக்குமூலத்தை அவள் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ சீருடை இல்லாத காவலர், இயன்றவரை பெண் உதவி ஆய்வாளர், பதிவு செய்ய வேண்டும். இரவில் அவளைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது.

சம்பவம் வேறு மாவட்டத்திலோ வேறு மாநிலத்திலோ நடந்திருந்தால் ‘அங்கே போய்க் கொடுங்கள்’ என்று காவல் நிலையத்தில் திருப்பி அனுப்புவது பழகிப்போன தந்திரம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவின்படி, எந்த எல்லையில் நடந்த குற்றமானாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். அதைத்தான் ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்கிறார்கள். முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம். பலர் சி.எஸ்.ஆர். ரசீதை வாங்கிக்கொண்டு வழக்குப் பதிவாகிவிட்டது என்று நிம்மதியாகத் திரும்புகிறார்கள். சி.எஸ்.ஆர். என்பது மனு வந்ததற்கான ரசீது மட்டுமே, எஃப்.ஐ.ஆர். அல்ல. பதிய மறுத்தால் அதே புகாரைக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம். பதிவுத் தபால் ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். அங்கும் பலிக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் மனு செய்யலாம்.

பெண்கள் வாய் திறக்காததற்குச் சான்றிதழ் பயமும் ஒரு காரணம். மத்திய அரசு வேலையின் விளையாட்டு ஒதுக்கீட்டில், மாநிலத்துக்காக தேசியப் போட்டியில் ஆடியதற்கான படிவம் 2-இல் மாநிலச் சங்கச் செயலாளர் கையெழுத்திட வேண்டும். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்கான படிவம் 3 பல்கலைக்கழக உடற்கல்வி இயக்குநரிடமும், தேசியப் பள்ளி விளையாட்டுக்கான படிவம் 4 கல்வித் துறையிலும் வாங்க வேண்டியவை. வேலை அறிவிப்பு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள், ஐந்தாறு ஆண்டு கழித்து அதே ஆளின் வாசலில் நிற்கிறார்கள். ஒவ்வொரு போட்டி முடிந்ததும் அந்தந்தப் படிவத்தைக் கையோடு வாங்கி வைத்தால் அந்தப் பிடி தளரும். ஆனால் படிவம் கைக்கு வரட்டும் என்று புகாரைத் தள்ளிப்போடக் கூடாது. மூன்று மாதக் கெடு படிவத்துக்காகக் காத்திருக்காது.

வக்கீலுக்குப் பணம் இல்லை என்பதும் நிற்க வேண்டிய இடம் அல்ல. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவானாலும் இலவச சட்ட உதவி உண்டு. நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கலாம், அல்லது 15100 என்ற எண்ணை அழைக்கலாம். குழுவின் பரிந்துரை பாதகமாக வந்தாலோ, பரிந்துரைத்ததை நிர்வாகம் செய்யாமல் விட்டாலோ, மேல்முறையீட்டுக்கு 90 நாள். அதையும் அந்தச் சட்ட உதவி வக்கீலைக் கொண்டே செய்யலாம். குழுவின் அறிக்கை நகல் கைக்கு வந்த அன்றே அதை எடுத்துக்கொண்டு அவரிடம் போய்விட வேண்டும்.