டிஸ்சார்ஜ் வேறு, டிஸ்மிஸ் வேறு: வார்டில் நிற்க நினைக்கும் முன்னாள் ராணுவத்தினருக்கு

தமிழ்நாட்டின் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி மன்றங்களில் இப்போது இருக்கும் கவுன்சிலர்கள் 2022 மார்ச் 2 அன்று பதவியேற்றவர்கள். அவர்களின் ஐந்தாண்டு 2027 மார்ச் தொடக்கத்தில் முடிகிறது. அதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடித்தாக வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 243-யு பிரிவு. அதே பிரிவு இருக்கும்போதுதான், 2016 அக்டோபரில் காலம் முடிந்த நகர மன்றங்களுக்கு 2022 வரை தேர்தல் நடக்கவில்லை. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் தனி அலுவலர்களே நகரங்களை நடத்தினார்கள். ஆகவே அரசு சொல்லும் தேதியை அது நடக்கும்வரை முழுதாக நம்ப வேண்டாம். ஆனால் தயாராகாமலும் இருக்க வேண்டாம். அறிவிப்பு வந்துவிட்டால் காகிதம் தேட நேரம் இருக்காது.

இந்தக் கட்டுரைக்குக் காரணம் வாசகர் கடிதங்கள். வார்டில் நிற்க விரும்பும் முன்னாள் ராணுவத்தினரும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் எழுதியவை. பல கடிதங்களில் ஒரே குழப்பம்: டிஸ்சார்ஜ் ஆனவர் தேர்தலில் நிற்கக் கூடாதாமே, உண்மையா?

உண்மை இல்லை. ஆனால் அந்த வதந்திக்கு ஒரு வேர் உண்டு, அதைத் தோண்டிப் பார்ப்பது நல்லது.

நகர்ப்புற உள்ளாட்சி உறுப்பினராக யார் தகுதி இழப்பார் என்று சொல்வது அரசியல் சட்டத்தின் 243-வி பிரிவு. அது தானாக ஒரு நீண்ட பட்டியல் போடவில்லை. சட்டமன்றத் தேர்தலில் நிற்க எந்தச் சட்டத்தின்படி ஒருவர் தகுதி இழக்கிறாரோ, அவர் இங்கும் தகுதி இழக்கிறார் என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறது; மாநிலச் சட்டத்தின்படி தகுதி இழப்பவரையும் சேர்த்துக்கொள்கிறது. வயதில் மட்டும் சலுகை: சட்டமன்றத்துக்கு 25, இங்கே 21 போதும். சட்டம் எழுதியவர்களின் சாமர்த்தியம் இந்த ஒரு வரியில் இருக்கிறது. தெருவிளக்குக்கும் சாக்கடைக்கும் பொறுப்பேற்கப் போகும் வார்டு வேட்பாளர் மேல், 1951-ம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் தகுதியிழப்புகள் எல்லாம் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்துவிடுகின்றன.

அவற்றில் ஒன்று 9-வது பிரிவு. மத்திய, மாநில அரசுப் பணியில் இருந்தவர் ஊழலுக்காகவோ அரசுக்கு விசுவாசமின்மைக்காகவோ டிஸ்மிஸ் செய்யப்பட்டால், அந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகள் போட்டியிட முடியாது. காரணம் இந்த இரண்டில் ஒன்றாக இருக்க வேண்டும். விடுப்பு முடிந்தும் திரும்பாததற்காக டிஸ்மிஸ் ஆனவர் இந்தப் பிரிவுக்குள் வரமாட்டார்.

டிஸ்சார்ஜ் என்பது முற்றிலும் வேறு. பதினேழு ஆண்டுகள் பணி செய்து, ஒப்பந்தக் காலம் முடித்து, பென்ஷனோடு ஊர் திரும்பும் சிப்பாயின் காகிதத்திலும் அந்தச் சொல்தான் இருக்கும். 1954-ம் ஆண்டு ராணுவ விதிகளின் 13-வது விதி அப்படித்தான் எல்லோரையும் விடுவிக்கிறது. உடல் தகுதி குறைந்தவர், தானே கேட்டு வந்தவர், சிவப்பு மைப் பதிவுகள் (பணி ஆவணத்தில் ஏறும் தண்டனைக் குறிப்புகள்) சேர்ந்ததால் பணிக்குத் தேவையில்லை என்று அனுப்பப்பட்டவர் எல்லோருக்கும் ஒரே தலைப்பு. இந்தக் கடைசி வகையினரைத்தான் ஊரில் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். நான்கு சிவப்பு மைப் பதிவுகள் இருப்பதால் மட்டும் ஒரு சிப்பாயை விசாரணையின்றி அனுப்பிவிட முடியாது என்று 2015-ல் வீரேந்திர குமார் துபே வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அப்படி அனுப்பப்பட்டவரும் டிஸ்மிஸ் ஆனவர் அல்ல. அவர் வார்டில் நிற்கலாம்.

தமிழில் இரண்டுக்கும் "வேலையிலிருந்து நீக்கிட்டாங்க" என்றே சொல்லிப் பழகிவிட்டோம். எதிர்வேட்பாளரின் ஆட்களுக்கு அந்த ஒரு வாக்கியம் போதும்.

சரி, உண்மையிலேயே டிஸ்மிஸ் ஆனவருக்கு என்ன வழி? என்னை அதிகம் உறுத்துவது இந்த இடம்தான். 9-வது பிரிவு, டிஸ்மிஸுக்குக் காரணம் ஊழலோ விசுவாசமின்மையோ அல்ல என்று தேர்தல் ஆணையம் தரும் சான்றை இறுதிச் சாட்சியாக ஏற்கிறது. நாடாளுமன்ற, சட்டமன்ற வேட்புமனுவுக்கான 33(3) பிரிவு ஒரு படி மேலே போகிறது: டிஸ்மிஸ் ஆகி ஐந்து ஆண்டுகள் கடக்கவில்லை என்றால், அந்தச் சான்று மனுவோடு இணைந்திருக்க வேண்டும், இல்லையேல் மனுவே செல்லாது. குற்றமற்றவர் என்று நிரூபிக்கும் சுமை வேட்பாளர் தோளுக்கு வந்துவிடுகிறது. கடிகாரமும் அவருக்கு எதிராகவே ஓடுகிறது.

2019 மக்களவைத் தேர்தலில் வாரணாசியில் நடந்ததை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். தேஜ் பகதூர் யாதவ் எல்லைப் பாதுகாப்புப் படை வீரர். அது ராணுவம் அல்ல, உள்துறையின் கீழ் உள்ள படை. ஆனால் 9-வது பிரிவுக்கு அந்த வேறுபாடு இல்லை. 2017 ஜனவரியில் எல்லையில் தரப்படும் சாப்பாட்டின் தரத்தைக் காட்டி வீடியோ வெளியிட்டார். அந்த ஏப்ரலில் டிஸ்மிஸ் செய்யப்பட்டார். இரண்டு ஆண்டுகள் கழித்துப் பிரதமரை எதிர்த்து முதலில் சுயேச்சையாகவும், பிறகு சமாஜ்வாதி கட்சி சார்பிலும் மனு போட்டார். டிஸ்மிஸ் பற்றிய கேள்விக்கு ஒரு மனுவில் ஆம் என்றும் இன்னொன்றில் இல்லை என்றும் பதில் இருந்தது. அது அவர் தரப்பின் பிழை, அதை மறைக்க வேண்டியதில்லை. ஏப்ரல் 30 அன்று அதிகாரி நோட்டீஸ் தந்தார்: மறுநாள் காலை 11 மணிக்குள் தேர்தல் ஆணையச் சான்று வேண்டும். சான்று வரவில்லை, மனு தள்ளுபடியானது. 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் அவர் மேல்முறையீட்டை ஏற்கவில்லை. முறையாக மனு ஏற்கப்படாதவருக்குத் தேர்தல் வழக்குப் போடும் உரிமையே இல்லை என்ற அடிப்படையில்.

சட்டப்படி அந்த முடிவு சரியாகவே இருக்கட்டும். ஒருவர் நாட்டுக்கு விசுவாசமாக இருந்தாரா என்ற கனமான கேள்வி ஓர் இரவுக்குள் கிடைக்காத ஒரு காகிதத்தால் தீர்க்கப்பட்டது. வாக்காளர்கள் முன் அந்தக் கேள்வி வரவே இல்லை. எல்லையில் நின்ற ஒரு மனிதருக்கு அதைவிட நிதானமான விசாரணையைத் தர இந்த நாடு கடமைப்பட்டிருக்கிறது.

வார்டு தேர்தலில் சிக்கல் இன்னும் ஒரு சுற்று கூடுதல். சான்று தரும் அதிகாரம் டெல்லியில் உள்ள இந்தியத் தேர்தல் ஆணையத்திடம். வார்டு தேர்தலை நடத்துவதோ 243-இசட்.ஏ பிரிவின்படி மாநிலத் தேர்தல் ஆணையம். நேரமும் குறைவு: 2022-ல் மனு தாக்கலின் கடைசி நாள் பிப்ரவரி 4, பரிசீலனை மறுநாளே. ஆகவே ஐந்து ஆண்டுகளுக்குள் டிஸ்மிஸ் ஆனவர்கள் இப்போதே டெல்லிக்கு எழுதுங்கள். வார்டு மனுவோடு என்ன காகிதம் வேண்டும் என்று மாநிலத் தேர்தல் ஆணையத்திடம் எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். மற்றவர்கள் டிஸ்சார்ஜ் புக்கின் நகலைக் கையில் வைத்திருங்கள். அதில் விடுவித்த காரணம் எழுதியிருக்கும் வரிதான் உங்கள் கவசம்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

ஓய்வுக்கு முந்தைய விடுப்பில் ஊரில் இருப்பவர் நிற்கலாமா? கூடாது, விடுவிக்கப்படும் தேதி வரை அவர் படைவீரர்தான், அரசியல் கூட்டத்துக்குப் போவதைக்கூட ராணுவ விதிகள் தடுக்கின்றன.

வாக்காளர் பட்டியல்? பணியில் இருந்தபோது படைவீரர் வாக்காளராகப் பதிவானவர்கள், ஓய்வுக்குப் பிறகு படிவம் 6 கொடுத்து ஊர்ப் பட்டியலில் பெயர் சேர்க்க வேண்டும். பலர் தவறவிடுவது இதைத்தான்.

முன்னாள் படைவீரருக்கு வார்டு ஒதுக்கீடு உண்டா? இல்லை, ஒதுக்கீடு பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்களுக்கு.

பென்ஷன் நிற்குமா? நிற்காது.

டெபாசிட்? 2022-ல் மாநகராட்சிக்கு 4,000 ரூபாய், நகராட்சிக்கு 2,000, பேரூராட்சிக்கு 1,000. பட்டியல் சாதி, பழங்குடியினருக்குப் பாதி.

சுவரொட்டியில் சீருடைப் படம்? படைவீரர் படங்களைப் பிரசாரத்தில் பயன்படுத்த வேண்டாம் என்று இந்தியத் தேர்தல் ஆணையம் 2013-லும், பாலகோட் தாக்குதலுக்குப் பின் 2019-லும் கட்சிகளுக்குச் சொன்னது. வேட்பாளரின் சொந்தப் பழைய படத்தைப் பற்றி அதில் தனியாக எதுவும் இல்லை. அமெரிக்காவில் ஓய்வு பெற்றவர் சீருடைப் படம் போடலாம், ஆனால் அது முதன்மைப் படமாக இருக்கக் கூடாது, பாதுகாப்புத் துறையின் ஆதரவு இல்லை என்ற அறிவிப்பும் கூடவே வேண்டும். என் கருத்து: போடாதீர்கள். அந்தச் சீருடையை இன்னும் அணிந்திருப்பவர்களுக்குக் கட்சி கிடையாது.

அக்னிவீரர்? 2022-ல் அறிவிக்கப்பட்ட திட்டத்தில் சேர்ந்த முதல் அணி நான்கு ஆண்டுகள் முடித்து வெளியே வருவதும் இந்தத் தேர்தல் சமயமும் ஏறக்குறைய ஒன்றே. பதினேழரை வயதில் சேர்ந்தவருக்கும் அப்போது 21 கடந்திருக்கும். பென்ஷன் இல்லாமல் திரும்பும் அந்தப் பிள்ளைகள் கையிலும் ஒரு காகிதம் இருக்கும். அதில் எழுதியிருக்கும் சொல்லை முதலில் படிக்கச் சொல்லுங்கள்.